ஆள் கெடைக்கல

“அண்ட்ராய்ட் டெவலப்பர் ஒருவர் தேவை. தமிழ் தெரிந்திருக்க வேண்டும். சம்பளம் பேசித் தீர்மானிக்கலாம்.”

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி இந்த மூன்று வரியையும் எழுதி முடிக்க எங்களுக்கு இரண்டு மணித்தியாலம் போனது. நாங்கள் என்றால் நாலு பேர். பேராதனையில் கலைப்பீடம். வரலாறு, தமிழ், உளவியல், புவியியல் என்று ஆளுக்கொரு பாடம். நாலு பேருக்கும் கோட் எழுதத் தெரியாது. ஒருத்தருக்கு எக்செல் கொஞ்சம் வரும், அவர்தான் எங்களுடைய ‘டெக்னிக்கல் ஹெட்’.

கலைப்பீடத்தில் படிக்கிறோம் என்று சொன்னதும் ஊரில் வருகிற அடுத்த கேள்வி உங்களுக்கே தெரியும். “அப்ப படிச்சு முடிச்சி என்னா செய்யப் போறீங்க?” வேலையில்லாப் பட்டதாரிகள் ஊர்வலத்தில் எங்களுக்கு ஏற்கெனவே இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட நாங்கள் ஆள் எடுக்கப் போனோம்.

எதற்கு என்று சொல்லிவிடுகிறோம். எங்களில் மூன்று பேருடைய அம்மாமார் இன்னும் கொழுந்து எடுக்கிறார்கள். ஒருவர் மஸ்கெலியா பக்கம், இரண்டு பேர் தலவாக்கலை பக்கம். ஒரு நாளைக்கு மூன்று தடவை மடுவத்தில் நிறுவை நடக்கும். சாக்குக்கு இவ்வளவு, மழைத் தண்ணிக்கு இவ்வளவு என்று கிலோ கழிப்பார்கள். எவ்வளவு கழிப்பது என்பது அன்றைக்கு நிறுக்கிறவருடைய மனசைப் பொறுத்தது. குறித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர்தான் விழும். 2021இல் நாள் சம்பளம் 1000 ரூபாய் ஆனது, 2024இல் 1350 ரூபாய் ஆனது. ரெண்டு தடவையும் டீவியில் பெரிதாகச் சொன்னார்கள். பேர் விழுந்தால்தானே அந்தக் காசு. மாதக் கடைசியில் வருகிற சம்பளச் சீட்டைப் பார்த்து அம்மா “இந்த மாசம் ரெண்டு பேரு கொறையுது” என்பார். எந்த ரெண்டு நாள் என்று சொல்லத் தெரியாது. கதவுக்குப் பின்னால் தொங்குகிற கலண்டரில் கிலோவை எழுதி வைப்பார், சில நாள் அலுப்பில் மறந்துவிடுவார். மறந்த நாள்தான் எப்போதும் குறைகிற நாளாக இருக்கும்.

எங்கள் யோசனை சின்னது. போனில் ஒரு ஆப். அம்மா வாயால் “இருபத்திரெண்டு” என்றால் அது பதிந்துகொள்ள வேண்டும். மாதக் கடைசியில் கூட்டிக் காட்ட வேண்டும். மலையில் சிக்னல் இருக்காது, ஆகவே டேட்டா இல்லாமலும் வேலை செய்ய வேண்டும். இதற்கு யாராவது ஒருத்தர் ரெண்டு வாரம் உட்கார்ந்தால் போதும் என்று நினைத்தோம். மஹாபொல, பர்சரி, டியூஷன் காசு எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய் வைத்திருந்தோம். எங்களுக்கு அது பெரிய காசு.

முதலில் கொழும்பில் உள்ள ஒரு சின்னக் கம்பனியிடம் கேட்டோம். அவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். மின்னஞ்சலில் வந்த மதிப்பீடு லட்சங்களில் இருந்தது. “ஆப்லைன் சிங்க்” என்ற ஒரு வரிக்கு மட்டும் எங்கள் முழுக் காசையும் தாண்டிய தொகை. அப்போது எங்களுக்குக் கோபம் வந்தது. பிறகு விளங்கியது, அவர்கள் ஏமாற்றவில்லை. சிக்னல் இல்லாத இடத்தில் பதிந்த கணக்கும், பிறகு சிக்னல் வந்ததும் மேலே போகிற கணக்கும் ஒன்றோடொன்று முட்டாமல் பார்த்துக்கொள்வது நல்ல டெவலப்பர்களுக்கே தலைவலி தரும் வேலையாம்.

இன்னொன்றும் விளங்கியது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாயளவில் இருந்தது, மே மாதமாகும்போது 360ஐத் தொட்டுவிட்டது. பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் போன காலம் அது. வேலை தெரிந்த நிறையப் பேர் அப்போது வெளிநாடு போனார்கள். போகாதவர்களில் நன்றாக வேலை தெரிந்தவர்கள் இங்கிருந்தபடியே வெளிநாட்டுக் கம்பனிகளுக்கு வேலை செய்து டொலரில் சம்பளம் வாங்குகிறார்கள். அதில் பிழை சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் ரூபாயில் சம்பளம் கொடுக்கிறவர் எல்லாரும் அந்த டொலரோடு போட்டி போட வேண்டியிருக்கிறது. கொழும்புக் கம்பனிகளே “ஸ்கில்டு ஆள் இல்லை” என்று புலம்பும்போது 60,000 ரூபாயோடு நாங்கள் எங்கே நிற்பது?

ஜோயல் ஸ்போல்ஸ்கி என்ற அமெரிக்க மென்பொருள்காரர் 2006இல் எழுதிய ஒரு கட்டுரையை அந்த நாட்களில் படித்தோம். மிக நல்ல டெவலப்பர்கள் வேலை தேடி விண்ணப்பம் போடுவதே அபூர்வம் என்கிறார். படிக்கும்போதே அவர்களை யாரோ பிடித்துவிடுகிறார்கள், ஆகவே விண்ணப்பக் குவியலில் திரும்பத் திரும்ப வருவது யாரும் எடுக்காதவர்கள்தான் என்பது அவர் கணக்கு. இங்கேயும் மொரட்டுவை, கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிப் பீடம், ஸ்லிட் என்று பெரிய இடத்துப் பிள்ளைகளை மூன்றாம் வருட இன்டர்ன்ஷிப்பிலேயே கம்பனிகள் எடுத்துக்கொள்கின்றன. அந்தக் கட்டுரை சரி என்றுதான் எங்களுக்கும் பட்டது. ஆனால் விண்ணப்பக் குவியலைப் பற்றி அவர் சொன்னது பாதிதான் சரி என்று பிறகு தெரிந்தது. அதற்கு வருகிறோம்.

இரண்டாவதாக ஒரு அண்ணா கிடைத்தார். ஹட்டன் பக்கத்து ஆள், பிரீலான்ஸ் வேலை செய்கிறவர். “நம்ம அம்மாமாருக்குத்தானே, செஞ்சு தாறேன்” என்றார். நாங்கள் உருகிப்போய் 30,000 ரூபாய் முற்பணம் கொடுத்தோம். மூன்று வாரத்தில் ஒரு ஸ்கிரீனின் படம் வந்தது. அழகாக இருந்தது, கொழுந்துக் கூடை எல்லாம் வரைந்திருந்தார். அதற்குப் பிறகு வட்ஸ்அப்பில் ஒற்றை டிக். ஒரு மாதம் கழித்து கட்டாரிலிருந்து மெசேஜ்: “சொரி தங்கச்சி, விசா டக்குனு வந்திருச்சு.” கோட் எல்லாம் அவருடைய பழைய லெப்டொப்பில். லெப்டொப்பை விற்றுவிட்டாராம். வேலை நடக்க நடக்க கோடை கிட்ஹப்பில் நம்முடைய கணக்குக்குள் போடச் சொல்ல வேண்டும் என்பது மென்பொருள் உலகில் அரிச்சுவடியாம். எங்களுக்கு யாரும் அந்த அரிச்சுவடியைச் சொல்லித் தரவில்லை.

“காசையும் வாங்கிட்டு ஆளும் போயிட்டான்” என்று நாங்கள் ஹொஸ்டல் கன்டீனில் உட்கார்ந்து புலம்பியபோது வரலாறு படிக்கிறவர் மட்டும் சிரித்தார். அவருடைய ஆய்வுக் கட்டுரை கங்காணி முறை பற்றியது. “நம்ம இப்ப பேசுறது அச்சு அசலா தொரமாரு பேசினது” என்றார்.

அன்றைக்கு ராத்திரி அவர் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்லத்தான் வேண்டும். கோப்பிக் காலத்திலிருந்தே இந்த மலைநாட்டில் தோட்டத் துரைமார் எழுதிய கடிதங்களிலும் சங்க அறிக்கைகளிலும் திரும்பத் திரும்ப வருவது ஒரே முறைப்பாடு: ஆள் போதாது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் தேயிலை போட்டதற்குப் பிறகு அந்தக் குரல் கூடியது. கோப்பிக்குப் பருவத்தில் வந்து பறித்துவிட்டுப் போக ஆள் இருந்தால் போதும், தேயிலைக்கு வருஷம் முழுக்க ஆள் வேண்டும். கங்காணி தன் ஊருக்கே போய், தன் சாதி சனத்திடம் பேசி, முற்பணம் கொடுத்து ஆள் கட்டிக்கொண்டு வருவார். அந்த முற்பணத்துக்கு ‘கோஸ்ட் அட்வான்ஸ்’ என்று பெயர். கப்பல் காசு, சோற்றுக் காசு எல்லாம் வந்தவர் தலையில் கடனாக ஏறும். ஒருத்தர் எத்தனை ஆள் வேலைக்கு இறக்குகிறார் என்பதை வைத்துக் கங்காணிக்குத் தலைக்காசு. 1904இல் தோட்டக்காரர்கள் திருச்சிராப்பள்ளியில் ஆள் சேர்ப்பதற்கென்றே ஒரு தொழிலாளர் ஆணையகத்தைத் திறந்தார்கள்.

முற்பணம் வாங்கியவர் வேறு தோட்டத்துக்கு ஓடினால்? 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி முன்னறிவித்தல் இல்லாமல் வேலையை விட்டுப் போவது குற்றம், மறியலுக்கும் போகலாம். முறையாகப் போக வேண்டுமென்றால் ‘துண்டு’ வேண்டும். இந்த ஆளுடைய கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கிற சீட்டு. வேறு தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். கடன் அப்படியே ஆளோடு போகும், கூடிக்கொண்டும் போகும். ஒரு தோட்டத்தின் ஆட்களை இன்னொரு தோட்டம் காசைக் காட்டி இழுப்பதும் நடந்தது, துரைமாருக்குள்ளே பெரிய சண்டையே அதனால் வந்தது. 1921இல்தான் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது.

கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. ஒரு கம்பனியின் ஆளை இன்னொரு கம்பனி சம்பளம் கூட்டிக் கொடுத்து இழுப்பது, பயிற்சி தந்தோம் ஆகவே இரண்டு வருஷம் விலகக்கூடாது என்று பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது, “உங்களுக்குத் தெரிஞ்ச யாராவது இருந்தா சொல்லுங்க, எடுத்தா உங்களுக்கு போனஸ்” என்பது. ஏசி அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறவரையும் கூலியாக வந்தவரையும் ஒன்றாகச் சொல்ல முடியாதுதான். ஒருவர் நினைத்தால் மெல்பேர்ன் போகலாம், மற்றவர் லயத்தைத் தாண்டினாலே பிடித்து வருவார்கள். அந்த வித்தியாசத்தை மறந்தால் எங்கள் ஆச்சிமாருக்கு அநியாயம். ஆனால் ‘ஆள் இல்லை’ என்று சொல்கிறவர் அந்த ஆளை உருவாக்குகிற செலவை யார் ஏற்பது என்பதைப் பற்றி மட்டும் பேசமாட்டார். அந்த விஷயத்தில் மாற்றம் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

நாங்கள் மட்டும் என்ன யோக்கியமா? மூன்றாவது சுற்றில் அதுவும் தெரிந்தது.

மீதி 30,000த்தை வைத்துக்கொண்டு மறுபடி விளம்பரம் போட்டோம். ஏழு பேர் வந்தார்கள். இந்த முறை ஒழுங்காகச் செய்வோம் என்று இன்டர்வியூ வைத்தோம். கோட் தெரியாத நாங்கள் கோட் தெரிந்தவரை எப்படிச் சோதிப்பது? இணையத்தில் தேடினோம். ஃபிஸ்பஸ் என்று ஒரு பழைய சோதனை இருக்கிறது. 1 முதல் 100 வரை எண்களை வரிசையாகக் காட்ட வேண்டும், 3ஆல் வகுபட்டால் ஃபிஸ், 5ஆல் வகுபட்டால் பஸ், இரண்டாலும் வகுபட்டால் ஃபிஸ்பஸ். அதைக் கேட்டோம். ஸூமில் இருபது நிமிடம் பேசினோம். பிறகு ஒரு எக்செல் தாளில் புள்ளி போட்டோம்: அனுபவம், சான்றிதழ், ஆங்கிலம், தொடர்பாடல். ஆங்கிலத்துக்கு ஏன் புள்ளி போட்டோம் என்று இப்போது கேட்டால் எங்களிடம் பதில் இல்லை. எல்லாரும் போடுகிறார்கள், நாங்களும் போட்டோம்.

பொகவந்தலாவை பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி வந்தார். கதைக்கக் கதைக்க லைன் அறுந்தது. மூன்று தடவை திரும்ப வந்தார். கடைசித் தடவை பின்னால் காற்றுச் சத்தம். “அக்கா, தண்ணி டேங்க்குக்கு மேல ஏறி நிக்கிறேன், இப்ப கேக்குதா?” என்றார். கேட்டது, அரைகுறையாக. ஃபிஸ்பஸ்ஸைக் கடதாசியில் எழுதிப் படம் எடுத்து அனுப்பினார். சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் ‘தொடர்பாடல்’ என்ற கட்டத்தில் பத்துக்கு மூன்று போட்டோம். மஸ்கெலியாவில் அதே மாதிரி மேட்டில் ஏறி நின்று அம்மாவோடு கதைக்கிறவர்தான் அந்த மூன்றைப் போட்டவர். இதை எழுதச் சொன்னவரும் அவரே.

கொழும்பிலிருந்து விண்ணப்பித்த ஒரு தம்பியை எடுத்தோம். சீவி அழகாக இருந்தது. ஆங்கிலம் வழுக்கிக்கொண்டு போனது. மூன்று வாரத்தில் “ஆப்லைன் வேலை நான் நெனச்சத விட கஷ்டம், எனக்கு எக்ஸாமும் வருது” என்று விலகிவிட்டார். நல்ல பிள்ளை, காசு வாங்கவில்லை.

அப்போதுதான் உளவியல் படிக்கிறவர் ஒரு ஆய்வைக் கொண்டுவந்தார். ஷ்மிட், ஹன்டர் என்ற இருவர் 1998இல் வெளியிட்டது. ஆள் எடுக்கும் முறைகளைப் பற்றிய 85 வருட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். ஒருத்தர் வேலையை எப்படிச் செய்வார் என்பதை முன்கூட்டிச் சொல்வதில், அந்த வேலையிலேயே ஒரு துண்டைக் கொடுத்துச் செய்யச் சொல்வது மேலே நிற்கிறது. எத்தனை வருட அனுபவம், எத்தனை வருடப் படிப்பு என்பவை மிகக் கீழே. “இத ரெண்டாம் வருஷத்துலயே படிச்சேன், அசைன்மென்டும் எழுதினேன்” என்றார். எழுதி ஏ எடுத்திருக்கிறார். ஆள் எடுக்கும்போது ஞாபகம் வரவில்லை.

அந்தத் தங்கச்சியை மறுபடி எப்படிப் பிடித்தோம் தெரியுமா? தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோது, மஸ்கெலியா அம்மா பேச்சோடு பேச்சாகச் சொன்னார். மடுவத்தில் கூட நிற்கிற ஒரு அக்காவின் தங்கச்சி மகள் பொகவந்தலாவையில் கடைக்குக் ‘கடன் கொப்பி’யைப் போனுக்குள் போட்டுக் கொடுத்திருக்கிறாளாம். சிக்னல் இல்லாட்டியும் கணக்கு நிற்குமாம். நம்பரை வாங்கிப் பார்த்தால் எங்கள் எக்செல் தாளில் பத்துக்கு மூன்று வாங்கிய அதே நம்பர்.

லட்சக்கணக்கில் மதிப்பீடு வந்த அந்த ஆப்லைன் விஷயத்தை, மாமாவுடைய பலசரக்குக் கடைக்காக, சும்மா செய்து வைத்திருந்தார். சீவியில் அதை ஏன் போடவில்லை என்று கேட்டோம். “அது வேல இல்லையே அக்கா, வீட்டு விஷயம்தானே” என்றார். எங்களுடைய விண்ணப்பக் குவியலில்தான் அவர் இருந்தார். குவியலைப் பார்க்கத் தெரியாதவர்கள் நாங்கள். கடைசியில் ஆளைக் கண்டுபிடித்துத் தந்தது சொந்தக்காரர் வழிதான், அதாவது பழைய கங்காணி வழி. இதில் எங்களுக்குப் பெருமை கிடையாது. மடுவத்தில் நிற்கிற அக்காவைத் தெரியாத ஒருத்தருக்கு அந்த வழியில் ஒருபோதும் வேலை கிடைக்காது.

அவர் எப்படிப் படித்தார் என்று கேட்டோம். உயர்தரத்தில் கலைப்பிரிவு. பள்ளிக்கூடத்தில் அது மட்டும்தான் இருந்தது. மொரட்டுவைப் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக நடத்துகிற டெவலப்பர் பாடநெறியைப் போனிலேயே பார்த்திருக்கிறார். டேட்டா இரவில்தான் ஓடும், ஆகவே இரவில். இப்போது கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பிஐடி வெளிவாரிப் பட்டத்தில் இரண்டாம் நிலை. முழுவதும் ஆங்கிலம். “முதல் வருஷம் பாடத்த விட டிக்ஷனரியத்தான் கூடப் படிச்சேன்” என்றார்.

‘பள்ளிக்கூடத்தில் அது மட்டும்தான் இருந்தது’ என்ற வசனத்தில் நாங்கள் நாலு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். எங்களில் இரண்டு பேர் கலைப்பிரிவுக்கு வந்த கதையும் அதேதான். சாதாரண தரத்தில் கணிதத்துக்கு ஏ எடுத்த ஒருத்தர் எங்களுக்குள் இருக்கிறார். கணிதப் பிரிவு படிக்க வேண்டுமென்றால் ஹட்டன் டவுனில் தங்க வேண்டும், போர்டிங் காசுக்கு வழியில்லை. 2013இல் உயர்தரத்துக்குத் தொழில்நுட்பப் பிரிவு வந்தது, எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு அது வந்து சேரவில்லை. கணினி அறை இருந்தது. பூட்டும் இருந்தது. சாவி அதிபரிடம். புவியியலை அவர் இப்போது விரும்பித்தான் படிக்கிறார், அதை அழுகைக் கதையாக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். ஆனால் கம்பனிகள் கிடைக்கவில்லை என்று தேடுகிற ஆட்களுடைய கணக்கில் அவரையும் ஒன்றாகச் சேர்க்கலாம்.

ஆளைத் தேடாமல் உருவாக்கிய இடங்களும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் ஸோஹோ நிறுவனம் பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகளை, பட்டம் இல்லாமலே, உதவித்தொகை கொடுத்துத் தன் சொந்தப் பள்ளியில் பயிற்றுவித்து வேலைக்கு எடுக்கிறது. 2011இல் தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் அலுவலகமே போட்டது. படிக்கிற காலத்துக்குக் காசை வாங்காமல் கொடுப்பதைத்தான் நாங்கள் முக்கியமாகப் பார்க்கிறோம். யாழ்ப்பாணத்தில் யாழ் ஐடி ஹப்காரர்கள் தொண்டர்களாகச் சேர்ந்து இளம் பிள்ளைகளுக்குப் போட்டிகளும் பயிற்சிகளும் நடத்துகிறார்கள். அங்கே புலம்பெயர்ந்த உறவுகளின் கை இருக்கிறது. எங்களுக்கு டொரன்டோவில் சித்தப்பா இல்லை. வெள்ளவத்தைக் கடைகளில் நிற்கிற அண்ணன்மார்தான் இருக்கிறார்கள்.

சரி, தங்கச்சியோடு வேலை தொடங்கியது. இந்த முறை எழுத்தில் ஒப்பந்தம் போடுவோம் என்றோம், கட்டார் அனுபவம் இருக்கிறதே. வரலாறு படிக்கிறவர்தான் டைப் பண்ணினார். “வேலை முடியும்வரை இடையில் விலகக்கூடாது. விலகினால் பெற்ற பணம் முழுவதையும் திருப்பிச் செலுத்த வேண்டும்.” டைப் பண்ணிவிட்டு அவரே கொஞ்ச நேரம் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து விண்டோவில் அவருடைய ஆய்வுக் கட்டுரை, துண்டு பற்றிய அத்தியாயம் திறந்தபடி கிடந்தது. அந்த இரண்டு வரியையும் அழித்தோம். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு ஸ்கிரீனும் முடிய முடிய அதற்குரிய காசு, கோட் வாரா வாரம் கிட்ஹப்பில், வேறு நல்ல வேலை கிடைத்தால் ஒரு வாரம் முன்னால் சொன்னால் போதும் என்று எழுதினோம்.

அவர் வாசித்துப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“நான் போறத விடுங்க. நீங்க நாலு பேரும் பாஸ் அவுட் ஆகிப் போயிட்டா இத யாரு அக்கா பாத்துக்கிறது?”

அதற்கு ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வரியும் எழுதவில்லை. மூன்றாவது ஸ்கிரீன் போய்க்கொண்டிருக்கிறது. மஸ்கெலியா அம்மா முதல் இரண்டையும் பார்த்துவிட்டு, கூடைப் படம் தேவையில்லை, எண்ணைப் பெரிசாகப் போடச் சொன்னார்.